பேரம் பேசிய கூடாரம்

ஒரு கூடாரம் என்னிடம் முதன்முதலாகப் பேசியது ஒரு வைகாசி மாதத்துக் காலையில். அதுவும் அதட்டலாக. "ஏத்தா, வந்த ஆளுக்கு மோரு குடுத்தியா, இல்ல வெயில்லயே நிக்க வச்சிருக்கியா?" என்றது. கம்பத்தில், பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி, சுற்றுச்சுவர் வைத்த ஒரு வீட்டின் முற்றத்தில் அது நின்றது. ராணுவத்தில் உழைத்து ஓய்ந்து ஏலத்தில் கழிக்கப்பட்ட பழைய கித்தான் கூடாரம். பச்சையும் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுத்திட்டாகச் சாயம்; எங்கள் ஊரில் அதற்கு மிலிட்டரி கலர் என்று பெயர். முன்பக்கப் படுதா எப்போதும் இறக்கியே இருக்கும். பக்கவாட்டில் ஒரு முழ அகலத்துக்குச் சன்னல், அதில் வலைத்துணி. உள்ளே இருப்பவருக்கு வெளியே எல்லாம் தெரியும். வெளியே நிற்பவருக்கு உள்ளே ஒன்றும் தெரியாது. எதிரியின் கண்ணுக்குத் தப்புவதற்காக யாரோ யோசித்துச் செய்த சன்னல் அது. அதன் முழுப் பயனையும் கறந்த ஆள் என்று எனக்குத் தெரிந்து ஒருவர்தான் உண்டு. அவர் பட்டாளத்துக்காரர் இல்லை. எங்கள் பாயம்மா. அப்போது அவர் இத்தாவில் இருந்தார்.

கணவர் இறந்துவிட்டால் முஸ்லிம் வீடுகளில் மனைவி நாலு மாதம் பத்து நாள் இத்தா இருப்பார். வீட்டை விட்டு வெளியே வரமாட்டார், நகை பூட்டமாட்டார், அந்நிய ஆண்கள் முன்னால் வரமாட்டார். பாயம்மா அந்த நாலு மாதம் பத்து நாளும் வியாபாரம் செய்தார் என்று சொன்னால் இன்றைக்கும் கம்பத்தில் சிலர் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். எப்படிச் செய்தார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். பார்க்காதவர்கள் இத்தனை வருடமாக விதவிதமாகப் பேசிவிட்டார்கள். இனி பார்த்தவள் பேசலாம்.

நான் அனுமந்தன்பட்டிக்காரி. ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம். என்னைக் கட்டியவன் கேரளாவுக்கு வேலைக்குப் போகிறேன் என்று போய் அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டான். அவனைப் பற்றி இதற்கு மேல் ஒரு வரி எழுதினால் தாளுக்குத்தான் கேடு. தையல் தெரிந்ததால் வேலை தேடிக் கம்பத்துக்கு வந்தேன். மிலிட்டரி கடையில் ஆள் தேடுகிறார்கள் என்றார்கள். ரவிக்கை தைத்த கைக்குக் கித்தான் படியுமா என்று கடைக்காரர் பாய், பாயம்மாவின் கணவர், யோசித்தார். மதியச் சாப்பாடு கொண்டுவந்திருந்த பாயம்மா அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய்க் கிழிந்த கூடாரம் ஒன்றை இழுத்து வந்து என் முன்னால் போட்டு, "தைக்கட்டும், பாப்போம்" என்றார். மூன்று ஊசி ஒடிந்தது. நாலாவது நின்றது. அன்றைக்கே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

பாய் பட்டாளத்தில் இருந்தவர் இல்லை. இளவயதில் ஆளெடுப்புக்குப் போய் மார்பளவு பற்றாமல் திரும்பியவர். "உள்ளதான் விடல, அவுக சாமானயாச்சும் நான் கொண்டாறேன்" என்று சொல்லிச் சிரிப்பார். வெளியூர் ஏலங்களுக்குப் போய்க் கூடாரம், தார்ப்பாய், மறைப்பு வலை, தோள்பை, தண்ணீர்க் குடுவை, இரும்புப் பெட்டி என்று கட்டுக் கட்டாக எடுத்து வருவார். ஏலத்தில் கட்டைப் பிரித்துப் பார்க்க விடமாட்டார்கள்; வந்த பிறகுதான் உள்ளே என்ன என்று தெரியும். ஒரு முறை நாற்பது கூடாரம் என்று வந்த லாரியில் கூடாரத் துணி முழுக்க இருந்தது, தரையில் அடிக்கிற முளைக்குச்சி ஒன்று கூட இல்லை. சிப்பாய்ச் சட்டை மட்டும் வாங்கவே மாட்டார். மேகமலைக்குப் போகிற கல்லூரிப் பையன்கள் வந்து மிலிட்டரி சட்டை கேட்டால், "அதப் போட வேண்டியவகதான் போடணும், நீ பையத் தூக்கிட்டுப் போ" என்பார். எங்கள் நிலையான வாடிக்கை மலையில் பிழைக்கிறவர்கள். கம்பமெட்டு வழியாக ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றும் ஜீப்காரர்கள், கிடை போடுகிற ஆட்டுக்காரர்கள், திராட்சைத் தோட்டத்துக் காவல்காரர்கள். ஆனி, ஆடிச் சாரலுக்கு முன்னால் அவர்கள் வாங்கினால்தான் எங்களுக்கு வருடம் ஓடும். மற்ற மாதங்களில் ஈ ஓட்டுவோம்.

சாமான் பார்ப்பதெல்லாம் பாயம்மாதான். கித்தானை முகர்ந்தே எது ஒழுகும் என்று சொல்லிவிடுவார். ஆனாலும் முகர்ந்ததை நம்பி விற்கமாட்டார். ஒவ்வொரு கூடாரத்தையும் வீட்டு முற்றத்தில் கட்டி, உள்ளே செய்தித்தாளை விரித்துப் போட்டு, மேலே இருபது குடம் தண்ணீர் ஊற்றச் சொல்வார். பிறகு குனிந்து உள்ளே போய்த் தாளை எடுத்துப் பார்ப்பார். ஒரு சொட்டு விழுந்திருந்தாலும் அதை மறுபடி என்னிடம் தள்ளிவிடுவார். "மலை மேல மழையில ஒழுகுனா அவன் எங்கன போய் ஒதுங்குவான்? நம்ம வீட்டுக்கா வருவான்?" என்று கேட்பார். என் தையலில் அவர் கண்டுபிடித்த சொட்டுகளை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும். அத்தனையும் சரியான சொட்டுகள்.

பாய் ஒரு சித்திரை மாதத்தில், கடைக் கல்லாவில் உட்கார்ந்திருந்தபடியே, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது. மூன்றாம் நாள் அவருடைய தம்பி கடைச் சாவியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டார். சின்ன பாய் என்று நாங்கள் சொல்வது அவரைத்தான். பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். "மதினி நிம்மதியா இத்தா இருக்கட்டும். கடையப் பத்தி அப்புறம் பேசிக்கிருவோம்" என்றார். கெட்டவர் இல்லை. அண்ணன் பிள்ளைகள் இரண்டும் பெண்கள், மதினிக்கு வெளி உலகம் தெரியாது, எல்லாவற்றையும் தான் சுமக்க வேண்டும் என்று மனதார நம்பினார். நல்ல மனதோடு ஒருவர் அக்கிரமம் செய்யும்போதுதான் எதிர்த்துப் பேச வாய் வருவதில்லை. கட்டடக்காரரும் துக்கம் கேட்க வந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்: வாடகை ஒப்பந்தம் ஆவணியில் முடிகிறது, பூட்டிக் கிடக்கிற கடையைத் தன்னால் வைத்துக்கொண்டிருக்க முடியாது, யார் நடத்துகிறார்களோ அவர்கள் பெயருக்கு எழுதித் தருவாராம். அவர் கணக்கில் அது சின்ன பாய்தான். சின்ன பாய் அங்கே தன் துணிக்கடைக்குக் கிளை போடுவதாக பஜாரில் பேச்சும் வந்துவிட்டது. பாயம்மா இத்தா முடித்து வெளியே வரும்போது சாரல் ஓய்ந்திருக்கும், வாடிக்கை வேறு கடைக்குப் போயிருக்கும், கடை கொழுந்தன் பெயரில் இருக்கும். அந்த அம்மாளுக்கு அது தெரிந்தது. எனக்கும் தெரிந்தது.

ஏழாம் நாள் லாரி வந்தது. பாய் சாவதற்கு முந்தின வாரம் ஏலத்தில் எடுத்த, அந்த வருடச் சாரலுக்கான சாமான். பழைய இரும்புக்காரனுக்கு எடை போட்டு அனுப்பிவிடலாம் என்றார் சின்ன பாய். உள்ளறையிலிருந்து பாயம்மா என்னைக் கூப்பிட்டார். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து. அழுதழுது முகம் வீங்கியிருந்தது. "எறக்கச் சொல்லு. நம்ம முத்தத்துல எறக்கச் சொல்லு" என்றார். இறக்கினோம். மறுநாள் காலை ஐந்து கூடாரங்களைக் கட்டித் தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். ஆறாவதாக, விற்க முடியாத அளவுக்கு என் ஒட்டுகள் விழுந்த ஒரு கிழட்டுக் கூடாரத்தை அடுப்படிக் கதவோடு முதுகு ஒட்டுகிறாற்போல் கட்டச் சொன்னார். கட்டியதும் அடுப்படிக் கதவைத் திறந்தார், நேரே உள்ளே போய் உட்கார்ந்தார். வீட்டையும் தாண்டவில்லை, யார் கண்ணிலும் படவில்லை. அப்போதுதான் கூடாரம் பேசத் தொடங்கியது.

நான் என் தையல் மிஷினை ரிக்‌ஷாவில் ஏற்றிப் போய், பூட்டிய கடையின் ஷட்டருக்கு முன்னால் நடைபாதையில் போட்டு உட்கார்ந்தேன். வந்தவர்களிடமெல்லாம், "கடை பூட்டல, எடம்தான் மாறியிருக்கு" என்று சொல்லி வழி காட்டினேன். பத்து மணிக்கு மேல் மிஷினோடு முற்றத்துக்குப் போய்விடுவேன். இரண்டே வாரத்தில் அந்தத் தெருவில் ஜீப் நிற்க இடமில்லாமல் போனது. ஜீப்காரர்கள் படுதாவுக்கு முன்னால் கைகட்டி நின்றுகொண்டு பேரம் பேசுவதைப் பார்க்க வேண்டும். குமுளிப் பக்கத்து ஆள் ஒருவர் பாதி மலையாளத்தில், "ஆறு முளை மதி சேச்சி, கொஞ்சம் கொறைங்க" என்பார். "ஆறு முளையில கட்டுனா காத்து உங்களையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிரும். பன்னெண்டுதான். கொறைக்கிறத அப்புறம் பாப்போம்" என்று கித்தானுக்குள்ளிருந்து பதில் வரும். வெளியே நிற்பவர்களுக்கு முகம் தெரியாது என்பதால் கெஞ்சலும் பலிக்காது, இளிப்பும் பலிக்காது. பாய் இருந்த காலத்தை விடக் கறாரான வியாபாரம்.

அவர் துக்கப்படவில்லை, துட்டுதான் பெரிதாகப் போய்விட்டது என்று பேசினவர்கள் உண்டு. அவர்கள் ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு மத்தியானம் ஆட்டுக்காரர் ஒருவர் தோள்பை பார்த்துக்கொண்டிருந்தார். "பாய் எனக்குக் குடுத்த பையி இன்னும் கிழியலத்தா. மவராசன், கையப் புடிச்சுல்ல பேசுவாக" என்று அவர் சொல்லிவிட்டார்.  கூடாரத்துக்குள், வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுகிற சத்தம். ஆட்டுக்காரர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்து அப்படியே நின்றார். நானும் மிஷினை நிறுத்திவிட்டேன்.  கடைசியில், தொண்டையைச் செருமிக்கொண்டு, "பையில வாரு சரியா இருக்கா, பாத்துக்கங்கண்ணே" என்றது குரல்.

சின்ன பாய்க்குப் பொறுக்கவில்லை. ஆண்கள் வந்து போகிற இடத்தில் இத்தா என்ன இத்தா என்று உறவுக்காரப் பெண்களை விட்டுச் சொல்லிப் பார்த்தார். பாயம்மா அவர்களோடு வாதாடவில்லை. பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டு வரச் சொல்லி என்னை அனுப்பினார். யோசித்துப் பாருங்கள், இத்தாவின் சட்டம் கேட்பதற்காக, கழுத்தில் சிலுவை போட்ட ஒருத்தி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பள்ளிவாசல் கேட்டில் நிற்கிறாள். ஹஜரத் சிரிக்கவில்லை. நிதானமாகக் கேட்டார். "அவுக வீட்டு எல்லையத் தாண்டி வாராகளா?" இல்லை என்றேன். "வர்ற ஆம்பளைகளுக்கு அவுக முகம் தெரியுதா?" "மிலிட்டரி துணிதான் தெரியும்ங்க" என்றேன். "அவுக பொருள அவுக விக்கிறாக. தேவைக்குப் பேசுறாக. அதுல குத்தம் சொல்ல யாருக்கும் எடம் இல்ல. பொழப்புக்குத் தேவைன்னா பகல்ல வெளிய போயிட்டு வரக் கூட மார்க்கத்துல எடம் இருக்குன்னு சொல்லும்மா" என்றார். நான் துள்ளிக் குதித்து ஓடி வந்து சொன்னேன். இனி நேரே கடைக்கே போய்விடலாம் என்று எனக்கு நினைப்பு. பாயம்மா மசியவில்லை. "வேணாம். அவுக சொன்னது எனக்குப் போதும். ஆனா வாசப்படியத் தாண்டுனான்னு நாளைக்கு ஒரு நாக்கு என்னப் பேசப்படாது. அவரு எனக்கு முப்பது வருசம் புருசன். அவருக்கு நான் குடுக்கிற மரியாதையில ஒரு நாள் கொறைக்க மாட்டேன். கடையையும் குடுக்க மாட்டேன்" என்றார்.

ஆடி மாதத்தில் ஒரு நாள் சின்ன பாய், ஆண்டிபட்டியிலிருந்து பழைய சாமான் வியாபாரி ஒருவரைக் கூட்டிக்கொண்டு முற்றத்துக்கே வந்துவிட்டார். அன்றைக்கும் ஐந்தாறு கூடாரங்கள் கட்டிக் காய்ந்துகொண்டிருந்தன. எதில் மதினி இருக்கிறார் என்று அவருக்குத் தெரியாது, கேட்கவும் கூச்சம். இருப்பதிலேயே பெரிய, புதிய கூடாரமாகப் பார்த்து அதன் முன்னால் போய் நின்றார். மதினி முன்னால் நிமிர்ந்து பேசமாட்டார். அந்த மரியாதை தெரிந்தவர். தலையைக் குனிந்துகொண்டு தொடங்கினார். "மதினி, நீங்க இந்தக் கஷ்டப்படணும்னு தலையெழுத்தா? நான் இருக்கும்போது ஊரு என்ன சொல்லும்? இவரு நல்ல மனுசன், மொத்தமா எடுத்துக்கிறேன்னு சொல்றாரு." அரை வாளித் தண்ணீரும் பழைய செய்தித்தாளும் தவிர அந்தக் கூடாரத்துக்குள் ஒன்றும் இல்லை. முற்றத்தில் இரண்டு ஆட்டுக்காரர்கள், ஒரு ஜீப்காரர், நான். எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. எனக்குத் தையல் ஓடவே இல்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு வெறும் சக்கரத்தைச் சுற்றினேன்.

கால் மணி நேரம் பேசினார். அண்ணன் தன்னைப் படிக்க வைத்ததைச் சொன்னார், கண் கலங்கினார். பதிலே வரவில்லை. கல்யாணத்தில் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது வழக்கம். கித்தானுக்கும் அந்த வழக்கம் செல்லும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. வியாபாரி பக்கம் திரும்பி, "மதினிக்குச் சம்மதம்தான். தூக்கச் சொல்லுங்க" என்றார். வியாபாரியின் ஆள் ஒரு சாமான் கட்டு மேல் கை வைத்தான்.

"தம்பி." அடுப்படிப் பக்கத்திலிருந்து வந்தது குரல். சின்ன பாய் திடுக்கிட்டுத் திரும்பினார். "நீங்க பேசிக்கிட்டிருந்தது விலைக்கு வச்ச கூடாரம். அது சம்மதிச்சிருந்தா அத மட்டும் வாங்கிட்டுப் போங்க. என் சாமானத் தொடணும்னா என் வாயில இருந்து வரணும். வராது."

ஆட்டுக்காரர்களில் மூத்தவர் முதலில் சிரித்தார். பிறகு யாராலும் அடக்க முடியவில்லை. ஆண்டிபட்டி வியாபாரியே முகத்தைத் திருப்பிக்கொண்டு குலுங்கினார். சின்ன பாய் அந்தப் பெரிய கூடாரத்தை ஒரு முறை பார்த்தார், அடுப்படிப் பக்கத்துக் கிழட்டுக் கூடாரத்தை ஒரு முறை பார்த்தார், செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் பொய். அன்றைக்கு எனக்குக் கொண்டாட்டம்.

கதை பஜார் முழுக்கப் பரவியது. கட்டடக்காரருக்கும் போயிருக்க வேண்டும். ஆவணி பிறந்ததும் தார்ப்பாய் பார்க்கிற சாக்கில் தானே வந்தார். தெருவில் நின்ற ஜீப்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்து வரவே அவருக்கு நேரம் ஆனது. ஒரு இரும்புப் பெட்டி மேல் உட்கார்ந்து மோர் குடித்தார். அரை மணி நேரம் வியாபாரத்தை வேடிக்கை பார்த்தார். பிறகு தார்ப்பாயை மறந்துவிட்டு, "கடை இங்கனதான நடக்குது. நடத்துறவுக பேருக்குத்தான எழுதணும்" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். இரண்டு நாளில் ஒப்பந்தத் தாளோடு திரும்பி வந்தார். சின்ன பாயையும் சாவியோடு அழைத்து வந்திருந்தார். தாளை நான் வாங்கிப் படுதாவுக்கு அடியில் தள்ளினேன். உள்ளே வெகுநேரம் தாள் புரளும் ஓசை கேட்டது. ஒவ்வொரு வரியையும் படித்தார். இறக்கிய படுதாவுக்குக் கீழே ஒரு கை மட்டும் வெளியே வந்தது. வளையல் இல்லாத, கித்தான் பட்டுக் காய்த்துப்போன கை. அது கையெழுத்துப் போட்ட தாளை வெளியே வைத்துவிட்டு, உள்ளே போகாமல், விரித்தபடி அங்கேயே இருந்தது. சின்ன பாய்க்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையிலிருந்து சாவியை எடுத்து அந்தக் கைக்குப் பக்கத்தில், தரையில், மரியாதையாக வைத்தார். கை அதை எடுத்துக்கொண்டு உள்ளே போனது.

இத்தா முடிந்த மறுநாள் காலையில் பாயம்மா கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு, நடு பஜார் வழியாக நடந்து போய், தன் கையாலேயே ஷட்டரைத் தூக்கினார். அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அந்தக் கல்லாவில் இருந்தார். நெடுஞ்சாலை அகலமானது, நைலான் கூடாரம் வந்தது, போனிலேயே எல்லாம் வாங்க ஆரம்பித்தார்கள். "வாங்கட்டும். ஒழுகுனா போன்லயா போய் ஒதுங்குவான்?" என்பார். மூத்த மகள் பெரியகுளத்தில் அரசு வேலைக்குப் போனாள், இளையவள் கட்டிக்கொண்டு வெளியூர் போனாள். கொஞ்சம் கொஞ்சமாகக் கடை என் கைக்கு வந்தது. கல்லாவுக்குப் பக்கத்து நாற்காலி மட்டும் அவருடையது.

போன வருடம் பாயம்மா இறந்தார். சாயங்காலம் அடக்கம். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, எப்போதும் போல, நான் கடையைத் திறந்தேன். பஜாரே திரும்பிப் பார்த்தது. எதிர்க் கடைக்காரர் கடைப் படி வரைக்கும் வந்து தலையை ஆட்டிவிட்டுப் போனார். சின்ன பாய் இப்போது கைத்தடி ஊன்றுகிறார். ஊன்றிக்கொண்டே வந்து வாசலில் நின்றார். "ஏம்மா, ஒரு மூணு நாளாச்சும் அடைச்சுப் போட்டா என்ன? ஊரு என்ன நெனைக்கும்?"

"ஊரு நெனைக்கட்டும் பாய். ராத்திரியே மூத்தவ சொல்லிட்டா, தொறந்துருங்கக்கான்னு. பூட்டுன கடைய நெனச்சுக்கிட்டு அவுக ஒரு தடவ இருந்தது போதாதா?" என்றேன்.  

அவர் ஷட்டரை அண்ணாந்து பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, ஓரத்தில் இருந்த பெட்டி மேல் உட்கார்ந்தார். அண்ணன் இறந்த பிறகு அவர் அந்தக் கடைக்குள் கால் வைத்தது அன்றைக்குத்தான்.  நான் மிஷினில் ஒரு கித்தானைப் போட்டு மிதித்தேன்; கண் மறைத்ததில் தையல் கோணிக்கொண்டு போனது.

பத்து மணி வாக்கில் மலையிலிருந்து இறங்கிய ஜீப் ஒன்று வந்து நின்றது. பழைய வாடிக்கைக்காரர். அவருக்குச் செய்தி தெரியாது. உள்ளே எட்டிப் பார்த்து, காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்து, "பாயம்மா இல்லையா?" என்றார்.

சின்ன பாய் தலையைக் குனிந்துகொண்டார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"அவுக இல்லண்ணே. கடை இருக்கு. வாங்க, என்ன வேணும்?"